வாடாமல்லி மைக்கு ஒரு நன்னடத்தைச் சீட்டு

அந்தக் கடையில் மை வாங்குகிற யாரும் வெறும் புட்டியோடு வெளியே போக முடியாது. புட்டியின் கழுத்தில் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்கும். அதில் அந்த மையின் குணம் எழுதியிருக்கும். நல்ல குணம் என்றால் ஒரே வரி. கெட்ட குணம் என்றால் இரண்டு பக்கம். எழுதுகிறவர் கடைக்கார அம்மாளின் தம்பி. பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற பிள்ளைக்குத் தலைமையாசிரியர் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுப்பதுபோல இவர் மைக்குக் கொடுக்கிறாரே என்று ஒரு வாடிக்கையாளர் கிண்டல் செய்யப் போக, நாற்பதைத் தாண்டிய மனிதருக்கு ‘நன்னடத்தை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு அறை. அங்கே அக்கா மை கலக்குவாள். முன்பக்கம் ஒரு நீள மேசை. அங்கே தம்பி அதைச் சோதிப்பார். நிறத்துக்கு அக்கா, குணத்துக்குத் தம்பி. இப்படிப் பாகம் பிரித்துக்கொண்ட நாளிலிருந்து இருவருக்கும் சண்டை இல்லாத நாள் கிடையாது. கண்ணைப் பறிக்கிற நிறம் வேண்டுமென்றால் சாயத்தை அள்ளிப் போட வேண்டும். சாயத்தை அள்ளிப் போட்டால் மை அடங்காது. அக்காவோ அள்ளிப் போடுகிற கை.

அடங்காத மையின் சேட்டைகளுக்கு நன்னடத்தை தாமே பெயர் வைத்திருந்தார். எழுத்தின் ஓரம் பிசிறிக் காகிதத்தில் பரவினால் ‘கால் முளைத்தது’. மறுபக்கம் ஊறினால் ‘பின்வாசல் வழியாகப் போகும்’. நிப்பை அடைத்தால் ‘மூச்சு முட்டும்’. காயத் தாமதித்தால் ‘காக்க வைக்கும்’. விரலில் பட்டு எத்தனை சோப்புக்கும் போகாவிட்டால் ‘ஒட்டிக்கொண்டால் விடாது’. சீட்டில் இவற்றை எழுதும்போது அவருக்கு இரக்கமே இருக்காது. ‘அரக்குச் சிவப்பு. பார்க்க ஜோர். முதல் எழுத்தை எழுத மறுக்கும், இரண்டாம் எழுத்திலிருந்து நிறுத்த முடியாது. அவசரக்காரர்கள் விலகி நிற்கவும். அலுவலகத்துக்கு ஆகாது, வீட்டு உபயோகத்துக்கு மட்டும்.’ இந்தக் கடைசி வரிதான் அவருடைய தீர்ப்பு. அக்காவின் மைகளில் முக்கால்வாசிக்கு அந்தத் தீர்ப்புதான் கிடைத்தது.

“நான் பெத்து அனுப்புறேன். நீ வாசல்ல நின்னு என் பிள்ளைங்களைப் பத்தி ஊருக்கெல்லாம் கோள் சொல்றே” என்பாள் அக்கா.

“உண்மையைச் சொன்னா கோளா?”

“உண்மையை யாருடா ரெண்டு பக்கத்துக்குக் கேட்டா?”

கேட்கிறவர் ஒருவர் இருந்தார். திருமணப் பதிவு அலுவலகத்தின் பதிவாளர். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணத்தைப் பதிவு செய்து கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒன்றைப் பதிவு செய்துகொள்ள மறந்துபோன பெண்மணி. மாதத்தின் முதல் சனிக்கிழமை வருவார். பதிவேட்டுக்கு வழக்கமாக வாங்கும் ‘அலுவலக நீலம்’ ஒரு புட்டி வாங்குவார். அழுக்குத் தண்ணீருக்கும் மழை வானத்துக்கும் நடுவே ஒரு நிறம் அது. ஆனால் குணத்தில் தங்கம். சீட்டில் ‘குற்றம் ஒன்றுமில்லை’ என்று ஒரே வரிதான் இருக்கும். வாங்கிய கையோடு போய்விட மாட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மற்றப் புட்டிகளின் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். இரண்டு பக்கமும் படிப்பார். எங்கே சிரிக்க வேண்டும் என்று நன்னடத்தை நினைத்து எழுதினாரோ அங்கேயே சிரிப்பார்.

இரண்டு வருஷமாக இது நடக்கிறது. இந்த இரண்டு வருஷத்தில் சீட்டுகள் நீண்டுகொண்டே போனதை வேறு யாரும் கவனிக்கவில்லை, அத்தானைத் தவிர. அக்காவின் கணவர் பல் டாக்டர். பக்கத்துக் கட்டடத்தில்தான் அவருடைய கிளினிக். சாப்பாட்டு வேளையில் வெள்ளைக் கோட்டோடு கடைக்கு வருவார். கோட்டில் ஊதாவும் சிவப்பும் பட்டுப்பட்டு, பல் பிடுங்க வந்த சிலர் அதைப் பார்த்ததும் வலி நின்றுவிட்டதாகச் சொல்லி எழுந்து போயிருக்கிறார்கள்.

“மச்சான், கிளிப்பச்சை மைக்கு எதுக்கு மூணு பக்கம்? அது என்ன, கொலை பண்ணுச்சா?” என்று ஒரு நாள் கேட்டார். நன்னடத்தை நிப்பைக் கழுவினார். காது மட்டும் அரக்குச் சிவப்பாகியது. அன்றிலிருந்து அக்காவுக்கும் விஷயம் தெரியும்.

தெரிந்து என்ன பயன்? மையைத் தவிர வேறு எதைப் பற்றியும் பதிவாளரிடம் பேச இவருக்கு வாய் வரவில்லை. வாய் வராதவர் சீட்டை இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதினார்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா வாடாமல்லியைக் கலக்கினாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையெல்லாம் கறையாக, புட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னறையிலிருந்து வந்தாள்.

“எழுது. எதுவும் பேசாம எழுது.”

நன்னடத்தை தொட்டு எழுதினார். அப்படி ஒரு நிறத்தை அவர் பார்த்ததில்லை. ஊதாவா சிவப்பா என்று கண் ஒரு முடிவுக்கு வருவதற்குள், எழுத்தின் மேலே பொன்வண்டு முதுகைப்போல ஒரு தங்கப்பச்சை மினுக்கு ஓடியது. காகிதத்தைச் சாய்த்தால் மினுக்கும் கூடவே சாய்ந்தது. வெறும் ‘அ’ என்றுதான் எழுதியிருந்தார். அந்த ‘அ’ கல்யாண வீட்டுக்கு நகை போட்டுக்கொண்டு கிளம்பியதுபோல் இருந்தது. அவர் காகிதத்தை இன்னொரு தடவை சாய்த்தார். சோதிக்க இல்லை, அழகு பார்க்கத்தான்.

அப்புறம் சோதனை ஆரம்பித்தது. சாதாரணக் காகிதத்தில் கால் முளைத்தது, அதுவும் பூரானுக்கு முளைக்கிற மாதிரி. மறுபக்கம் போனது, அதற்கடுத்த தாளுக்கும் போனது. பேனாவை மூடிவைத்து மறுபடி திறந்தால் மூச்சு முட்டிக் கிடந்தது. தண்ணீரில் தொட்டு உதறியதும் பொத்துக்கொண்டு வந்து மேசையில் ஒரு குளம் கட்டியது. காய்வதைப் பார்க்க விரலை வைத்தார், ஈரம். தேநீர் குடித்துவிட்டு வைத்தார், ஈரம். சாப்பிட வந்த அத்தான் வழக்கம்போல முழங்கையை மேசைமேல் ஊன்றிவிட்டு, எடுத்துப் பார்த்து, “இது எனக்குப் பழகிப்போச்சு” என்றார். அப்போது எழுதி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

நன்னடத்தை சீட்டை எடுத்தார். இரண்டு பக்கமும் நிறைந்து, ஓரத்திலும் எழுத வேண்டி வந்தது.

படித்துப் பார்த்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “என் ஆயுசுல இப்படி ஒண்ணு வந்ததில்லைடா. இதைக் கட்டித் தொங்கவிட்டா எவன் வாங்குவான்? நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா இதுல?”

“முதல் வரியில இருக்கே. ‘நிறம் நன்று.’”

“நன்று! நீ நல்லா இருப்பே!” என்று சொல்லிவிட்டு அக்கா பின்னறைக்குப் போய்ப் பாத்திரங்களை ஓசைப்பட வைக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பதிவாளர் உள்ளே வந்தார். சனிக்கிழமையும் இல்லை, முதல் வாரமும் இல்லை. நன்னடத்தை எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

“ஒரு விசேஷத்துக்கு மை வேணும் சார்” என்றார் பதிவாளர். வெள்ளிக்கிழமை அவருடைய அலுவலகத்தில் ஒரு விழா. கல்யாணமாகி ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளைக் கூப்பிட்டுப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கப் போகிறார்கள். மேலதிகாரி பத்திரங்களை அச்சடித்துவிடலாம் என்றாராம். கையால்தான் எழுதுவேன் என்று இவர் ஒற்றைக் காலில் நின்று அனுமதி வாங்கியிருக்கிறார். “எழுதறது சொதப்பினா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு. ஆனாலும் பாருங்க, கல்யாணத்தன்னிக்கு அவங்க பேரை இந்த மங்கின நீலத்துலதான் எழுதிக் குடுத்தோம். அம்பது வருஷம் கழிச்சாவது கொஞ்சம் நிறமா ஒண்ணு குடுக்கலாமேன்னு…”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மேசைமேல் கிடந்த அந்த ‘அ’வைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். காகிதத்தைச் சாய்த்தார். முகம் அப்படியே மலர்ந்துபோனது. ஏக்கமும் சந்தோஷமும் சேர்ந்து, வயதில் பத்தைக் கழித்துக்கொண்ட மாதிரி இருந்தது அந்த முகம். இரண்டு வருஷமாக நன்னடத்தை எழுதிய சீட்டெல்லாம் சேர்ந்தும் அந்த முகத்தைக் கொண்டுவந்ததில்லை.

“இது எப்படி சார்? குணம்?”

நன்னடத்தையின் உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சீட்டு இருந்தது.

“ஏதாவது குறை இருந்தா வேண்டாம்” என்றார் பதிவாளர், முகத்தில் வந்த வெளிச்சத்தைத் தாமே குறைத்துக்கொண்டு. “வழக்கமான நீலமே குடுத்துருங்க. நமக்கு என்னிக்கும் அதுதானே.”

‘நமக்கு என்னிக்கும் அதுதானே’ என்று அவர் சொன்ன விதத்தை நன்னடத்தையால் தாங்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“தங்கமான குணம் மேடம்.”

பின்னறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. நன்னடத்தை பழைய சீட்டை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, புதுச் சீட்டில் ‘வாடாமல்லி. குற்றம் ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கட்டிக் கொடுத்தார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

பதிவாளர் படியிறங்கியதும் அக்கா வெளியே வந்தாள். “பொய் சொன்னியா? நீயா?” என்று முகமெல்லாம் பூரித்தாள். ஒரு நிமிஷம்கூட அந்தப் பூரிப்பு நிற்கவில்லை. “அடப்பாவி! அது காயவே காயாதேடா! அத்தனை பத்திரத்தையும் வச்சுக்கிட்டு அந்தப் பொம்பளை என்ன பண்ணும்?”

“கொஞ்ச நேரம் முன்னாடி நீ இதையெல்லாம் ஒத்துக்கவே இல்லையே!”

“அப்போ நீ யோக்கியனா இருந்தே. எனக்குச் சண்டை போட வசதியா இருந்துச்சு!”

ஓடிப்போய்ச் சொல்லிவிடு என்றாள் அக்கா. நாளைக்குச் சொல்கிறேன் என்றார் தம்பி. நாளை வந்தது. கெட்டிக் காகிதமாக இருந்தால் ஒருவேளை காய்ந்துவிடும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த நாள் கெட்டிக் காகிதத்தில் எழுதிப் பார்த்தார். கால் முளைக்கவில்லை. மறுபக்கமும் போகவில்லை. ஆனால் காயவில்லை. கெட்டிக் காகிதம் மையைக் குடிக்காததால், சாதாரணக் காகிதத்தைவிட இன்னும் பளபளவென்று மேலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா ஒரு பையில் அலுவலக நீலம் ஒரு புட்டியும், மை ஒற்றும் தாள் ஒரு கட்டும் போட்டுத் தம்பியின் கையில் திணித்தாள். அத்தான் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டே, “பல்லு மாதிரிதான் மச்சான். சட்டுனு பிடுங்கிட்டா வலி ஒரு தடவையோட போயிரும்” என்று தைரியம் சொன்னார். அத்தானிடம் பல் பிடுங்கிக்கொண்ட அனுபவம் நன்னடத்தைக்கு உண்டு. அதனால் தைரியம் வரவில்லை.

பதிவு அலுவலகத்தின் கூடத்தில் எல்லா மேசைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, பத்திரங்களைப் பரப்பியிருந்தார்கள். அறைக்குள் கால் வைத்ததும் நன்னடத்தைக்குப் பயத்தைவிட முதலில் பெருமைதான் வந்தது. பதிவாளரின் கையெழுத்து உருண்டு திரண்டு, ஒவ்வொரு பெயரும் வாடாமல்லியில் ஜொலித்தது. மேலே எல்லா மின்விசிறிகளும் முழு வேகத்தில் சுற்றின. தாள்கள் பறக்காமல் இருக்க முத்திரைக் கட்டை, பஞ்சிங் மெஷின், யாருடைய சாப்பாட்டு டப்பாவோ, எல்லாவற்றையும் ஓரத்தில் தூக்கி வைத்திருந்தார்கள். பதிவாளர் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார், தமக்கு இல்லை, பத்திரத்துக்கு.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்க சார்! நேத்து மத்தியானம் எழுதினது, இன்னும் காயல. பேப்பர்காரன் ஏமாத்திட்டான்.”

“பேப்பர்காரனா?”

“வேற யாரு? காலையில போன் போட்டு விட்டேன் பாருங்க ஒரு டோஸ். அவன் சத்தியம் பண்றான், மையைப் பாருங்க மேடம்னு. மையைப் பத்திப் பேசாதே, அதுக்கு என்கிட்ட சீட்டு இருக்குன்னு சொல்லிட்டேன்.”

சீட்டைக் காட்டினார். தமது மேசைக் கண்ணாடிக்கு அடியில், பெரியவர்கள் படம் வைக்கிற இடத்தில், பத்திரமாக வைத்திருந்தார். ஈரத்தைக் கண்ணால் பார்த்தும், விரலில் ஒட்டியும், இந்தப் பெண்மணி தம் கண்ணையும் விரலையும் நம்பவில்லை. சீட்டைத்தான் நம்பியிருக்கிறார்.  இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நன்னடத்தை வாயைத் திறந்தபோது மேலதிகாரி உள்ளே வந்தார்.

வந்தவர் நேராக ஒரு பத்திரத்தின் ஓரத்தில் உள்ளங்கையை ஊன்றினார். “நான் அப்பவே பிரிண்ட் போடலாம்னு சொன்னேன்” என்றார். பிறகு அந்தக் கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நெற்றியில் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு வாடாமல்லியில் ஒரு பட்டை விழுந்து, மேலே தங்கப்பச்சை மினுக்கியது.  மேலதிகாரியிடம் அதைச் சொல்லும் பதவி அங்கே யாருக்கும் இல்லை.

“பேப்பர்தானே மோசம்? அந்த ஆளை இனிமே இந்த ஆபீஸ் படி ஏத்தக்கூடாது. இப்பவே ஒரு கடிதம் எழுதுங்க.”

பதிவாளர் பேனாவை எடுத்தார். நன்னடத்தை அந்தப் பேப்பர்காரரைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஒன்றும் செய்யாத ஒரு மனிதன் தம் பொய்யால் பிழைப்பை இழப்பதை நின்று பார்க்க அவரால் முடியவில்லை.

“பேப்பர் மேல தப்பு இல்லை” என்றார். “மை மேலதான் தப்பு. இது காயாதுன்னு எனக்கு முதல்லயே தெரியும். நான் எழுதினது பொய்ச் சீட்டு.”

“பொய்ச் சர்டிபிகேட்டா!” என்றார் மேலதிகாரி. பதவியேற்ற நாளிலிருந்து அவர் பயந்துகொண்டிருந்த வார்த்தை அது. நன்னடத்தையைப் பார்த்தார், பதிவாளரைப் பார்த்தார், இதில் ஏதோ தமக்குச் சம்பந்தமில்லாதது இருக்கிறது என்று புரிந்துகொண்டார். “நாலு மணிக்கு எல்லாரும் வந்துருவாங்க. என்னமோ பண்ணுங்க” என்று பட்டை நெற்றியோடு வெளியே போய்விட்டார்.

பதிவாளர் பேனாவை மூடினார். “ஏன் சார்?”

“அந்த நிறத்தைப் பாத்தப்போ உங்க முகம்… குறையைச் சொன்னா வேண்டாம்னு வச்சுட்டுப் போயிடுவீங்க. அந்த முகத்தோட நீங்க வீட்டுக்குப் போகணும்னு ஆசைப்பட்டேன். வேற ஒண்ணும் இல்ல மேடம்.”

பதிவாளர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “காயாதுன்னு சொல்லியிருந்தா, வேண்டாம்னுதான் முதல்ல சொல்லியிருப்பேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து எடுத்திருப்பேன். வாங்கின அன்னிக்கே எழுதிக் காய வச்சிருப்பேன். தெரிஞ்சு எடுத்துக்கிற சந்தோஷம்னு ஒண்ணு இருக்கு சார். அதை எனக்குக் குடுக்காம விட்டுட்டீங்க.”

நன்னடத்தைக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு, அக்காவோடு வளர்ந்தவர். இது திட்டே இல்லை. அதனால்தான் அவருக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பையைத் திறந்து மை ஒற்றும் தாளை எடுத்து, எழுதிப் பார்த்து ஒதுக்கிவைத்திருந்த ஒரு தாளில் ஒற்றினார். ஈரம் போனது. ஈரத்தோடு நிறமும் போய், வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு நோயாளி எழுத்து மிஞ்சியது. பதிவாளர் அதைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“வேண்டாம். ஈரமாவே குடுப்போம்.”

நாலு மணிக்குத் தம்பதிகள் வந்தார்கள். ஊன்றுகோலோடு சிலர், காது கேட்கும் கருவியோடு சிலர், வரும் வழியிலேயே சண்டை போட்டுக்கொண்டு சிலர். பதிவாளர் மேடையேறி, கல்யாணம் பதிவு செய்யும் அதே குரலில் அறிவித்தார். “பத்திரம் இன்னும் காயல. மடிக்கக்கூடாது, சுருட்டக்கூடாது, எது மேலயும் வைக்கக்கூடாது. ஒருத்தர் இடது பக்க ஓரம், ஒருத்தர் வலது பக்க ஓரம். ரெண்டு பேரும் சேர்ந்து பிடிச்சுக்கிட்டுத்தான் வீடு வரைக்கும் போகணும்.”

நன்னடத்தை வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அதைத் தவிர அவரை நம்பி ஒப்படைக்க அங்கே வேலை எதுவும் இல்லை.

முதல் ஜோடியில் கணவர் தென்னைமரம், மனைவி அவருடைய இடுப்புக்கு இருந்தார். பத்திரம் சரிந்தது. “குனிஞ்சு வாங்களேன்!” “குனிஞ்சா நிமிர முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?” கடைசியில் அவர் முழங்காலை மடக்கி நடந்தார். அடுத்த ஜோடி வாசலுக்கு வந்ததும் யார் முதலில் போவது என்று நின்றது. முன்னால் போனால் பத்திரம் மடங்கும் என்பதால் இருவரும் நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறினார்கள். காலையிலிருந்து பேசாமல் இருந்த ஒரு ஜோடி, படியில் வேறு வழியில்லாமல் வாய் திறந்தது: “படி” என்றது ஒன்று, “தெரியும்” என்றது மற்றது. ஓர் அம்மாளுக்கு மூக்குக் கண்ணாடி வழுக்கி நுனிக்கு வந்துவிட்டது. இரண்டு கையிலும் பத்திரம். கணவர் எட்டிக் குனிந்து தம் நெற்றியாலேயே அதை முட்டி மேலே ஏற்றிவிட்டார். அந்த அம்மாள் வெட்கப்பட்டதைப் பார்த்து நன்னடத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெரு முழுக்க வாடாமல்லி ஊர்வலம். இரண்டிரண்டு பேராக, ஒரே அடி வைத்து, சண்டை போட்டுக்கொண்டு, ஒருவரும் கையை விடாமல். ஒரு பேருந்து நின்று வழிவிட்டது. மேலதிகாரி நடைபாதையில் நின்று, இப்படிச் சேர்ந்து பிடிக்க வைப்பது ஆரம்பத்திலிருந்தே தம் திட்டம்தான் என்று யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார். “நெத்தியில என்னப்பா?” என்று ஒரு மூதாட்டி கேட்டதோடு நிற்காமல் முழங்கையால் துடைத்துவிட, பட்டை கன்னத்துக்கும் இறங்கியது.

பதிவாளர் மட்டும் நன்னடத்தை நின்ற பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கடைசி ஜோடி போனதும் நன்னடத்தை கதவைச் சாத்திவிட்டுத் தாமும் போனார்.

மறுநாளே இழுப்பறையில் கிடந்த பழைய சீட்டை எடுத்து, ஒரு எழுத்துகூட மாற்றாமல் பிரதியெடுத்து, எல்லா வாடாமல்லிப் புட்டியிலும் கட்டினார். ‘நிறம் நன்று’ என்ற முதல் வரியை மட்டும் அடித்துவிட்டு, ‘இதைப்போல் நிறம் நான் பார்த்ததில்லை’ என்று எழுதினார். அக்கா அதைப் படித்துவிட்டு உள்ளே போய் மூக்கைச் சிந்தினாள். மை நன்றாகவே விற்றது. “அந்தக் காயாத மை இருக்கா?” என்றே கேட்டு வந்தார்கள். நன்னடத்தைக்கு அதில் சுகமில்லை. யாரும் சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

முதல் சனிக்கிழமை வந்தது. பதிவாளர் வழக்கமாக வரும் நேரம் வந்து, போனது. அத்தான் வந்து, மச்சானின் முகத்தைப் பார்த்து, தமாஷாக எதுவும் சொல்லாமல் போனார். கடை அடைக்கும் நேரத்தில் பதிவாளர் வந்தார். ஒரு கையில் வாடாமல்லிப் புட்டி, இன்னொரு கையில் மிஞ்சிப்போன பத்திரத் தாள் ஒன்று. கட்டைவிரலில் அந்த நிறம் இன்னும் மங்கலாக இருந்தது.

“இந்தச் சீட்டு பொய். மாத்திக் குடுங்க.”

நன்னடத்தை உண்மைச் சீட்டைக் கொடுத்தார். பதிவாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திருப்பினார். ஓரத்தில் எழுதியிருந்ததைத் தாளைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். ‘எழுதிவிட்டு வெளியூர் போய் வரலாம்’ என்ற இடத்தில் சிரித்தார். அங்கேதான் சிரிக்க வேண்டும். நன்னடத்தைக்கு உயிர் வந்தது.

“பேனா குடுங்க” என்றார் பதிவாளர். மேசைமேல் அந்தப் பெரிய தாளை விரித்து, வாடாமல்லியில் தொட்டு, நின்றபடியே எழுதினார். எழுதி முடித்து, ஓரத்தைப் பிடித்துத் தாளை நன்னடத்தையின் பக்கம் திருப்பினார்.

‘நன்னடத்தைச் சீட்டு. பொருள்: சீட்டு எழுதுபவர். நிறம்: தூரத்தில் சாம்பல். பக்கத்தில் வந்தால் காது சிவக்கும். குற்றம்: ஒருமுறை பொய் சொன்னது. கேட்காமலே ஒப்புக்கொண்டது. முதல் எழுத்தை எழுத இரண்டு வருஷம் மறுக்கும். ஒட்டிக்கொண்டால் விடாது என்று தெரிகிறது. எல்லாம் தெரிந்தே எடுத்துக்கொள்கிறேன். அலுவலகத்துக்கு ஆகாது. வீட்டு உபயோகத்துக்கு மட்டும்.’

நன்னடத்தை இரண்டு தடவை படித்தார். தாள் நடுவில் தொய்ந்து ஈர மை வழியப் பார்த்ததால், அவசரமாக மறுபக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பதிவாளர் தம் பக்கத்தை விடவில்லை. இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் தாளைப் பிடித்தபடி நின்றார்கள்.

“மேடம்… வீட்டு உபயோகம்னா… எந்த வீடு?”

“முதல்ல காயட்டும்” என்றார் பதிவாளர்.

பின்னறை விளக்கை அணைத்துவிட்டு வந்த அக்கா இருவரையும் பார்த்தாள். அது காய எத்தனை நேரமாகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? சத்தமில்லாமல் கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு, நுனிக்காலில் நடந்து வெளியே போனாள்.

காய்ந்ததா இல்லையா என்று எந்த மையையும் விரல் வைத்துப் பார்ப்பதுதான் நன்னடத்தையின் தொழில். அன்றைக்கு அவர் விரலை வைக்கவே இல்லை.